தும்மும்போது சிந்தும் சலம்: வாசகியர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னர் வரும் நாரி நோவைப் பற்றி எழுதியபோது, இருமினாலும் தும்மினாலும் சலம் (சிறுநீர்) சிந்துகிற பெண்களுக்கும் பயிற்சியால் தீர்வு உண்டு என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். நாரி நோவைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரியைப் பற்றி வந்தவையே அதிகம். ஏறக்குறைய எதிலும் பெயர் இல்லை. ஒரு கடிதம் தாய் சொல்லச் சொல்ல மகள் எழுதியது என்பது, இடையிடையே வெட்டித் திருத்தியிருந்த இடங்களிலிருந்து தெரிந்தது. எனவே இம்முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எனக்கு 41 வயது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள்; இரண்டாவது பிள்ளை ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை. நான்கு ஆண்டுகளாக, தும்மினாலோ பலமாகச் சிரித்தாலோ சலம் சிந்துகிறது. கரும்பலகைத் தூசியால் வகுப்பில் தும்மல் வந்தால் கதிரையில் இருந்துவிடுகிறேன். பிள்ளை பெற்றவர்களுக்கு இது வருவதுதான் என்று அக்கா சொல்கிறார். பயிற்சியால் உண்மையிலேயே மாறுமா?

பதில்: பிள்ளை பெற்றவர்களில் பலருக்கு வருகிறது என்பது உண்மை. ஆனால் பலருக்கு வருவதாலேயே அது பொறுத்துக்கொள்ள வேண்டியதாகிவிடாது. உங்கள் அக்கா ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். இருந்தாலும் அந்த ஆறுதல்தான் நம்மூர்ப் பெண்களைப் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாய் திறக்காமல் வைத்திருக்கிறது என்பதை இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) என்ற என் தொழிலில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

முதலில் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். முன்னே மறைவிடத்து எலும்பிலிருந்து பின்னே வால் எலும்புவரை, இடுப்பெலும்புக்குள் ஏணைச் சேலை போல ஒரு தசைப் படலம் கட்டப்பட்டிருக்கிறது. சலப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றும் அந்த ஏணையில்தான் இருக்கின்றன. சலவழி, யோனி, மலவாசல் ஆகிய மூன்று வழிகளும் அதனூடாகத்தான் வெளியே வருகின்றன. இதையே இடுப்புத்தளத் தசை என்கிறோம். தும்மும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று உயர்ந்து சலப்பையை மேலிருந்து நெருக்குகிறது. ஏணை இறுக்கமாக இருந்தால் சலவழி அதன்மேல் நசுங்கி மூடிக்கொள்ளும். தோட்டத்துக்கு இறைக்கும் பிளாஸ்ரிக் குழாயைக் கட்டாந்தரையில் வைத்து மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும், கொத்திவிட்ட மண்ணில் வைத்து மிதித்தால் குழாய் புதைந்துபோய்த் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கும் அல்லவா, அதுபோல ஏணை தொய்ந்திருந்தால் சலவழியை மூடுவதற்கு ஒரு பிடிமானம் இல்லை. கர்ப்பகாலப் பாரம், பிள்ளை வெளியே வரும்போது தசையும் நரம்பும் இழுபடுவது, குறிப்பாக இடுக்கியோ உறிஞ்சு கருவியோ போட்டு எடுக்கும் ஆயுதப் பிரசவம், பின்னர் வயது, உடற்பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல் ஆகியவை அந்த ஏணையைத் தொய்யவைக்கின்றன.

கிளினிக் அட்டையில் இதற்கு 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லைச் சேர்த்து எழுதுவார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தனக்கு மனநோய் என்று எழுதிவிட்டார்கள் எனக் கலங்கி நின்ற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அந்தச் சொல் குறிப்பது வயிற்றுக்குள் எழும் அழுத்தத்தை மட்டுமே.

பயிற்சியால் மாறுமா என்று கேட்டீர்கள். அமெரிக்கப் பெண்நோயியல் வைத்தியர் ஆர்னோல்ட் கீகல் இந்தப் பயிற்சியை 1948 இல் எழுதி வெளியிட்டார். இன்றுவரை அவர் பெயராலேயே பலர் இதனை அழைக்கிறார்கள். அதன் பின்னர் நடந்த ஆய்வுகளைத் திரட்டிக் காக்ரேன் அமைப்பு 2018 இல் ஒரு மீளாய்வு வெளியிட்டது. 14 நாடுகளில் 1817 பெண்கள் பங்குபற்றிய 31 ஆய்வுகள் அதில் அடங்கியிருந்தன. உங்களுக்கு இருப்பது போன்ற கசிவு உள்ளவர்களில், பயிற்சி செய்தவர்களுள் 100 க்கு 56 பேர் தமக்கு முற்றாகச் சுகமாகிவிட்டதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களுள் அப்படிச் சொன்னவர்கள் 6 பேர் மட்டுமே. முற்றாகச் சுகமாகாதவர்களிலும் பலருக்குக் கசிவு குறைந்தது. சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிக்கும் முன்னர் முதலில் செய்ய வேண்டியது இதுவே என்பதில் வைத்திய உலகில் இன்று கருத்து வேறுபாடு இல்லை.

இனிச் செய்யும் முறை. பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, பாதங்கள் தரையில் பதியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையை வயிற்றின்மேல் வையுங்கள். பலர் இருக்கும் இடத்தில் காற்றுப் பிரிய வந்தால் பின்வாசலை எப்படி அடக்குவீர்களோ அப்படி முதலில் இறுக்குங்கள். அந்த இறுக்கத்தை விடாமல், சலத்தை அடக்குவதுபோல முன்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது மூன்று வாசல்களும் மூடி, முழுவதும் உள்ளே மேல்நோக்கித் தூக்கப்படுவதுபோல உணர வேண்டும். மூச்சு வழமைபோலப் போய்வர வேண்டும். பிட்டமோ தொடையோ இறுகக்கூடாது. வயிற்றின்மேலுள்ள கை தள்ளப்படவும் கூடாது. இரண்டு மூன்று விநாடி பிடித்து, பின்னர் முற்றாக விட்டுவிடுங்கள். பிடித்த நேரத்தளவு ஓய்வு கொடுத்து மறுபடி இறுக்குங்கள். தளர்ந்தது உங்களுக்குத் தெரிந்த பிறகுதான் அடுத்த சுருக்கத்தைத் தொடங்க வேண்டும்.

பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு சொல்லும் அளவு, ஒரு தடவைக்குக் குறைந்தது எட்டுச் சுருக்கம், நாளொன்றுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். நான் என்னிடம் வருபவர்களுக்கு, பிடிக்கும் நேரத்தை வாரத்துக்கு ஒன்றிரண்டு விநாடி கூட்டிப் பத்து விநாடிவரை கொண்டுபோகும்படியும், ஒவ்வொரு தடவையின் முடிவிலும் சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடும் விரைவான சுருக்கங்கள் எட்டோ பத்தோ சேர்த்துக்கொள்ளும்படியும் சொல்வதுண்டு. இந்தத் தசையில் நெடுநேரம் தாங்கும் இழைகளும் உண்டு, நொடியில் வேலை செய்யும் இழைகளும் உண்டு. தும்மலைத் தடுப்பதற்கு இரண்டாவது வகை அவசியம். படுத்துச் செய்வது கைவந்த பிறகு இருந்துகொண்டும், பின்னர் நின்றுகொண்டும் செய்யுங்கள். நீங்கள் வகுப்பில் நிற்கும்போதுதான் தும்முகிறீர்கள், படுத்திருக்கும்போதல்ல.

கடைசியாக ஒன்று. தும்மல் வரப்போகிறது என்று மூக்கு அரிக்கும் அந்தக் கணத்திலேயே தசையை இறுக்கி, தும்மி முடியும்வரை பிடித்திருங்கள். தண்ணீர் வாளியைத் தூக்கும் முன்னும் அப்படியே. 1998 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முதிய பெண்களுக்கு இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கற்றுக்கொடுத்தபோது, ஒரு வாரத்திலேயே இருமலுக்குச் சிந்தும் அளவு தெளிவாகக் குறைந்தது. தசை பலமாவதற்கு மாதங்கள் எடுக்கும். ஆனால் உரிய நேரத்தில் மூடுவதற்கு இருக்கும் பலமே பலருக்குப் போதும்.

கேள்வி: வயது 34. வடமராட்சி. கைத்தொலைபேசியில் காணொளி பார்த்து இரண்டு மாதமாக ஒரு நாளைக்கு 200 தடவை இந்தப் பயிற்சியைச் செய்கிறேன். சலம் போகும்போது இடையில் நிறுத்தி நிறுத்தியும் பழகுகிறேன். கசிவு குறையவில்லை. இப்போது அடிவயிற்றில் ஒரு வலியும் தொடங்கியிருக்கிறது.

பதில்: இன்றிலிருந்து இரண்டையும் நிறுத்துங்கள், தங்கச்சி. உங்கள் முயற்சியில் குறையில்லை. ஆனால் அது தவறான இடத்தில் செலவாகிறது என்றே நினைக்கிறேன்.

1991 இல் 47 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், சுருக்கமாக வாயால் விளக்கிச் சொன்ன பிறகு செய்யச் சொல்லிப் பார்த்தபோது, சரியாகச் செய்தவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர். நான்கில் ஒருவர் செய்ததோ, கசிவைக் கூட்டக்கூடிய முறையில் இருந்தது. அதாவது அவர்கள் மேலே தூக்குவதற்குப் பதிலாகக் கீழே முக்கினார்கள். வைத்தியர் நேரில் சொல்லியே இப்படியென்றால் காணொளி பார்த்துச் செய்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

நானும் தொழிலுக்கு வந்த புதிதில் வாயால் மட்டும் சொல்லி அனுப்பியவள்தான். ஒருநாள், மூன்று மாதமாக ஒரு நாளும் தவறாமல் செய்தும் பலன் இல்லை என்று ஓர் அம்மா வந்தார். என் முன்னால் செய்துகாட்டும்படி கேட்டேன். பாயில் படுத்தார், கண்களை மூடினார், மூச்சை நிறுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, பிட்டம் பாயிலிருந்து நான்கு விரல் உயர்ந்தது, வயிறு பந்துபோல மேலே வந்தது. மலச்சிக்கலில் முக்குவதை ஒரு நாளைக்கு மூன்று தடவை என்று அவர் மூன்று மாதம் செய்திருக்கிறார். அன்று அவருக்கு எண்ணிக்கை எதுவும் கொடுக்கவில்லை. வாயால் மெல்ல மூச்சை விட்டுக்கொண்டே ஒரே ஒரு சுருக்கத்தைச் சரியாகச் செய்வதற்கு அரை மணித்தியாலம் எடுத்தது. அது வந்தபோது, "இவ்வளவு சின்ன வேலையா?" என்று கேட்டார். ஆம், அது மிகவும் சிறிய அசைவு. பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

நீங்கள் வீட்டில் சோதித்துப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. கைக்கண்ணாடி ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். சரியாகச் செய்தால் யோனிக்கும் மலவாசலுக்கும் இடைப்பட்ட பகுதி உள்வாங்கும், முக்கினால் வெளியே தள்ளும். அல்லது கைகளை நன்கு கழுவி, ஒரு விரலை யோனிக்குள் வைத்து இறுக்கிப் பாருங்கள்; விரலைச் சுற்றி இறுகி உள்ளே இழுப்பதுபோல உணர வேண்டும். இதைச் செய்யக் கூசுவது இயல்புதான். ஆனால் உங்கள் உடலை நீங்கள் அறிந்துகொள்வதில் எந்தத் தவறும் இல்லை.

சலத்தை இடையில் நிறுத்துவதை ஒருபோதும் பயிற்சியாகச் செய்யாதீர்கள். எந்தத் தசை என்று அறிய ஒருமுறை முயன்று பார்த்தால் பாதகமில்லை. அதையே பழக்கமாக்கினால் சலப்பை முழுமையாகக் காலியாகாமல் போகலாம். தேங்கும் சலத்தில் கிருமித் தொற்று ஏற்படும். வலியைப் பொறுத்தவரை, 200 தடவை இறுக்கிய தசை தளர மறந்திருக்கவும் கூடும். வலி உள்ளவர்களுக்கு முதலில் தளர்த்தப் பழக்கிவிட்டுத்தான் இறுக்கப் பழக்குவோம். எனவே வைத்தியரைக் கண்டு சலப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொண்டு, பின்னர் இயன்மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் பெற்றுப் போங்கள். யாழ். போதனா வைத்தியசாலையில் பெண்நோயியல், இயன்மருத்துவப் பிரிவுகள் இரண்டுமே உண்டு. அரச வைத்தியசாலை என்பதால் இதற்குப் பணமும் இல்லை. பெண் ஒருவரே பார்க்க வேண்டும் என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் விளையாடுகிறாள். துள்ளும்போது சலம் சிந்துகிறது என்று அழுகிறாள். திருமணமாகாத பிள்ளையை உள்ளே பரிசோதிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம், அம்மா. துள்ளலும் ஓட்டமும் மிகுந்த விளையாட்டுகளில் ஈடுபடும், பிள்ளை பெறாத இளம் பெண்களுக்கும் இது வருவதுண்டு. ஒவ்வொரு துள்ளலுக்கும் தரையில் இறங்கும்போது வயிற்றழுத்தம் முழுவதும் அந்தத் தசையில்தான் விழுகிறது. உட்பரிசோதனை அவசியமே இல்லை. அடிவயிற்றின்மேல் ஸ்கான் கருவியை வைத்தே தசை தூக்குகிறதா என்று பார்க்கலாம். உடுப்புக்கு மேலாகக் கைவைத்தும் அறியலாம். அவள் சம்மதமின்றி எவரும் எதையும் செய்ய முடியாது என்பதை அவளுக்கும் சொல்லிவையுங்கள். விளையாட்டை நிறுத்த வேண்டாம். பயிற்சியைக் கற்றுக்கொள்ளட்டும், துள்ளுவதற்குச் சற்று முன்னர் இறுக்கப் பழகட்டும். இளம் தசை விரைவாகக் கற்றுக்கொள்ளும். உங்களிடம் சொல்லியிருக்கிறாளே, அது பெரிய விடயம்.

கேள்வி: பிள்ளை பிறந்து 20 நாள். சுகப்பிரசவம், தையல் போட்டார்கள். கிளினிக்கில் தந்த துண்டுப்பிரசுரத்தில் இந்தப் பயிற்சியைச் செய்யச் சொல்லியிருக்கிறது. 31 ஆம் நாள் துடக்கு கழியும்வரை அசையவே கூடாது என்று மாமி சொல்லி, வயிற்றைச் சேலையால் இறுகக் கட்டிவிடுகிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மாமி சொல்லும் ஓய்வு உங்களுக்குத் தேவையானது, அதை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளுங்கள். பாரம் தூக்காமல் இருப்பதும், வேளைக்கு ஒருவர் சமைத்துத் தருவதும் தொய்ந்த ஏணைக்கு நல்லவையே. இந்தப் பயிற்சியோ கட்டிலில் படுத்தபடி, பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே செய்யக்கூடியது. சலம் போகக் குழாய் வைத்திருந்தால் அதை எடுத்த பிறகு, நோ அனுமதிக்கும் அளவுக்கு, பிரசவமாகிச் சில நாட்களிலேயே மெல்லிய சுருக்கங்களைத் தொடங்கலாம். தையல் உள்ள இடத்துக்கு இரத்த ஓட்டம் கூடி வீக்கம் வடியவும் அது உதவும். தையல் மலவாசல்வரை போயிருந்தால் மட்டும் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சேலைக் கட்டு நாரிக்கு இதமாக இருக்கலாம். தசையை அது பலமாக்காது. மூச்சு முட்டும்படி கட்டினால் வயிற்றின் அழுத்தம் போவதற்குக் கீழ்ப்பக்கம்தான் மிஞ்சும். கை புகும் அளவுக்குத் தளர்த்திக் கட்டும்படி மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் மரக்கறியையும் குறைத்துவிட்டு மலச்சிக்கலை வாங்கிக்கொள்ளாதீர்கள். சரக்குக் கறியோடு முருங்கையிலைச் சுண்டலும் வாழைப்பழமும் சாப்பிடத் தடையில்லை. முக்கி மலம் கழிப்பது, நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் ஏணையை நீங்களே இழுத்துத் தொய்யவைப்பதாகும்.

இதே கேள்வியில் இன்னொருவர், தனக்குச் சத்திரசிகிச்சைப் பிரசவம் என்பதால் பயிற்சி தேவையில்லைதானே என்று கேட்டிருக்கிறார். தேவை. வயிற்றை வெட்டி எடுத்த பிள்ளையும் அத்தனை மாதங்கள் அந்த ஏணையின்மேல்தான் வளர்ந்தது.

கேள்வி: வயது 56. நீரிழிவு உண்டு. இருமினால் ஒன்றுமில்லை. ஆனால் வெளியே போய் வந்து கதவில் திறப்பைப் போடும்போதோ, தண்ணீர்க் குழாயைத் திறந்தாலோ, மலசலகூடத்துக்கு ஓடுவதற்குள் போய்விடுகிறது.

பதில்: உங்களுடையது வேறு வகை. சலப்பை நிறையும் முன்னரே தானாகச் சுருங்குவதால் வருவது. முதலில் சலப் பரிசோதனையும் இரத்தச் சீனிப் பரிசோதனையும் செய்யுங்கள். சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் சலம் அதிகமாகும், தொற்றும் வரும். தேநீரையும் கோப்பியையும் குறையுங்கள். அவசரம் வந்தால் ஓடாதீர்கள். நின்ற இடத்தில் நின்று அல்லது இருந்து, தசையை ஐந்தாறு தடவை விரைவாக இறுக்கி விடுங்கள். சலப்பை அடங்கும்; அலை தணிந்த பிறகு நடந்து போங்கள். மூன்று நாட்களுக்கு எத்தனை மணிக்குக் குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எப்போது சிந்தியது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தியரிடம் கொண்டுபோங்கள். போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்குவதும், தேவையென்றால் மாத்திரையும் உண்டு. இரண்டு வகையும் கலந்து இருப்பவர்களும் பலர்.

கேள்வி: கனடாவிலுள்ள மகள், உள்ளே வைத்து மின்சாரத்தால் தசையைச் சுருக்கும் கருவி ஒன்றை அனுப்பியிருக்கிறாள். பயன்படுத்தலாமா?

பதில்: தசையைத் தானாகச் சுருக்கவே முடியாதவர்களுக்கு அது ஒரு தொடக்கமாக உதவும். உங்களால் சுருக்க முடிந்தால் அது தேவையில்லை. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் பயன்படுத்தக்கூடாது. மகளின் அன்பை வாங்கி வையுங்கள். கருவியை இயன்மருத்துவரிடம் காட்டிக் கேட்டபின் திறவுங்கள்.

கேள்வி: (தாய் சொல்ல மகள் எழுதிய கடிதம்) வயது 63. ஐந்து பிள்ளைகள், எல்லாம் வீட்டிலும் ஊர் ஆஸ்பத்திரியிலும் பிறந்தவை. பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சலம் சிந்துகிறது. பழைய சேலைத் துண்டுதான் வைக்கிறேன். வெளியே போகும் நாட்களில் தண்ணீர் குடிப்பதில்லை. குந்தியிருந்து தேங்காய் திருவினால் கீழே ஏதோ இறங்குவதுபோல இருக்கிறது. வருடாவருடம் நல்லூர்த் தேருக்கு, அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடி அழித்தவள். மூன்று வருடமாகப் போகவில்லை. இந்த உடம்போடு வீதியில் விழுந்து கும்பிடலாமா? இந்த வயதில் இனிப் பயிற்சி செய்து என்ன?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் அதை இன்றே மாற்றலாம். தண்ணீரைக் குறைத்தால் சலம் குறையும் என்பது சரிதான், ஆனால் குறைந்த சலம் செறிவாகிச் சலப்பையை எரிச்சலூட்டும், அடிக்கடி போகவேண்டிவரும், தொற்றும் மலச்சிக்கலும் சேர்ந்துவரும். நம்மூர் வெயிலில், சுண்ணாம்புக் கல்லூடாக ஊறிவரும் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் நாம் தாகத்தோடு இருப்பது எந்த வகையிலும் நல்லதல்ல. நாள் முழுவதும் சிறிது சிறிதாக ஆறேழு குவளை குடியுங்கள். படுப்பதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னர் நிறுத்திக்கொள்ளலாம். இதயம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் மட்டும் அளவை வைத்தியரிடம் கேளுங்கள்.

கீழே இறங்குவதுபோல இருப்பது கருப்பை இறக்கமாக இருக்கலாம். அதை ஒருவர் பார்த்தே ஆகவேண்டும். பெண்நோயியல் கிளினிக்குக்குப் போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், வழிகாட்டுவார். இறக்கம் சிறிதாக இருந்தால் பயிற்சியே உதவும். கூடுதலாக இருந்தால் யோனிக்குள் வைக்கும் பெசரி என்ற வளையம் தாங்கிப் பிடிக்கும்; வெட்டுத் தேவையில்லை. மாதவிலக்கு நின்றபின் அந்தப் பகுதி வறண்டு மெலிவதால், பூசுவதற்கு ஈஸ்ட்ரஜன் களிம்பும் தரக்கூடும். இவையெல்லாம் போதாதபோது சத்திரசிகிச்சை உண்டு: வயிற்றுச் சுவரிலிருந்து எடுத்த உங்கள் சொந்த இழைப்பட்டியாலோ செயற்கைப் பட்டியாலோ சலவழியைத் தாங்கச் செய்வார்கள். செயற்கை வலையால் சில பெண்களுக்கு நீங்காத வலி முதலிய சிக்கல்கள் வந்ததால் பிரித்தானியாவில் 2018 இல் அதன் பயன்பாட்டை இடைநிறுத்தினார்கள். எனவே எந்தச் சத்திரசிகிச்சைக்கும் சம்மதிக்கும் முன்னர், என்ன வைக்கப்போகிறார்கள் என்று மகளையும் கூட வைத்துக்கொண்டு கேளுங்கள். சலத்தில் இரத்தம் வந்தாலோ, சலம் போகமுடியாமல் அடைத்தாலோ, இரவும் பகலும் ஓயாமல் கசிந்தாலோ, கால்கள் திடீரெனப் பலமிழந்து மறைவிடம் மரத்துப்போனாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

வயதைக் கேட்டீர்கள். 63 வயதிலும் தசை தசைதான். பயிற்சி கொடுத்தால் பலமாகும். நான் முதல் பதிலில் சொன்ன 1998 ஆம் ஆண்டு ஆய்வில் இருந்தவர்கள் உங்களைப் போன்ற முதியவர்களே. உடல் பருமனாக இருந்தால் சிறிது குறைத்தாலும் பலன் தெரியும்: 2009 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு மாதத்தில் உடல் நிறையில் 8 வீதம் குறைத்த பெண்களுக்குக் கசியும் தடவைகள் ஏறக்குறையப் பாதியாகின. தேங்காயைக் குந்தியிருந்து திருவாமல், மேசையில் பூட்டும் திருவலையில் நின்று திருவுங்கள். பத்து லீற்றர் வாளி பத்துக் கிலோ. அதை இரண்டு அரை வாளியாகத் தூக்குங்கள். பழைய சேலைத் துண்டை அடிக்கடி மாற்றி, துவைத்து வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தோடு இருந்தால் தோல் வெந்துபோகும்.

கோயிலுக்குப் போகலாமா என்ற கேள்விக்கு நான் இயன்மருத்துவராகவும், அந்த வீதியில் நின்று கும்பிட்டவளாகவும் பதில் சொல்கிறேன். இது வருத்தம், துடக்கு அல்ல. மூட்டு நோவோடு ஒருவர் கோயிலுக்குப் போவதில் என்ன தடையோ, அதே அளவு தடைதான் இதிலும். குளித்து, நல்ல நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டு, மாற்றுவதற்கு இன்னொன்றைப் பையில் எடுத்துக்கொண்டு தாராளமாகப் போங்கள்.

இப்போது சித்திரை மாதம். நல்லூரில் 25 நாள் திருவிழாவின் 24 ஆம் நாள் தேர். அதற்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. பயிற்சிக்குத் தேவையான காலமும் அதுவே. காலையில் எழும் முன், மத்தியானம் சாப்பிட்டுப் படுக்கும்போது, இரவு விளக்கணைத்த பின் என்று மூன்று வேளை வைத்துக்கொள்ளுங்கள்; மகள் கலண்டரில் அடையாளம் இடட்டும். பெசரி வைத்திருந்தாலோ இறக்கம் கூடுதலாக இருந்தாலோ, விழுந்து எழும்பலாமா என்று வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சரியென்றால் ஆடி பிறந்ததும் வீட்டு முற்றத்தில் பழகிப் பாருங்கள்: நிலத்தில் குனியும் முன் ஒருமுறை இறுக்குங்கள். விழுந்து கும்பிடும்போது தளர்த்துங்கள். எழும்புவதற்குக் கையை ஊன்றியதும் மறுபடி இறுக்கி, வாயால் மூச்சை விட்டுக்கொண்டே எழும்புங்கள். எழும்பி நின்ற பிறகு முற்றாக விட்டுவிட்டு, அடுத்த அடிக்குப் போங்கள்.